தன்னைச் சோதனைக்கு உட்படுத்திய தொழில்

துன்பமுற்ற ஒருவர் தமது உள்ளத்தைத் திறந்து பேச, மற்றொருவர் பொறுமையோடு கேட்டு, அப்பேச்சின் வழியாகவே அவரது துயரைத் தணிக்க முயலும் தொழிலை நாம் உளவளத்துணை என்றும் உளச்சிகிச்சை என்றும் வழங்குகின்றோம். இத்தொழிலிற் கத்தி இல்லை. மருந்துப் போத்தலும் இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் இருவர் அமர்ந்து பேசுகின்றனர், அவ்வளவே. அப்பேச்சினால் நோய் தணிந்ததா, காலப்போக்கில் தானாகவே தணிந்ததா, அல்லது தணியவேயில்லையா என்பதை நாம் அறிவது எங்ஙனம்? சிகிச்சையளிப்பவரின் நம்பிக்கை அதற்குப் போதிய சான்றாகுமா? வேப்பிலை அடித்துப் பேயோட்டிய பூசாரியும் முழு நம்பிக்கையோடுதான் தமது தொழிலைச் செய்தார்.

இவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பு யாருடையது என்பதே இக்கட்டுரையின் பொருள். பல்கலைக்கழகங்களின் பொறுப்பு என்பர் சிலர். அரசின் பொறுப்பு என்பர் வேறு சிலர். ஆயின் பிரித்தானியாவில், அத்தொழிலைச் செய்வோரின் சங்கமே அப்பொறுப்பின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. தொழில்சார் சங்கம் என்றவுடன் உறுப்பினரின் வருவாயையும் மதிப்பையும் காக்கும் அமைப்பே எமது நினைவுக்கு வருகின்றது. அத்தகையதோர் அமைப்பு, தன் உறுப்பினரின் தொழில் பயனுடையதா என்பதைச் சோதிப்பதற்குத் தன் பணத்தையே செலவிடுமா? சோதனையின் முடிவு கசப்பானதாயின் அதனை வெளியிடுமா? பிரித்தானிய வரலாற்றை நோக்குமிடத்து இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைக்கின்றது.

வரலாறு ஒரு தாக்குதலோடு தொடங்குகின்றது. இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையைச் சார்ந்த உளவியலறிஞர் ஹன்ஸ் ஐசெங்க், 1952ஆம் ஆண்டில் சில பக்கங்களே கொண்ட கட்டுரையொன்றை அமெரிக்க ஆய்விதழொன்றில் வெளியிட்டார். ஹிட்லரின் ஜேர்மனியை விட்டு வெளியேறி இங்கிலாந்திற் குடிபுகுந்தவர் அவர். அதுவரை வெளிவந்திருந்த 24 ஆய்வுகளிலிருந்து 7,000க்கு மேற்பட்ட நோயாளரின் விவரங்களை அவர் திரட்டினார். பிராய்டின் உளப்பகுப்பாய்வைப் பெற்றோருள் நூற்றுக்கு 44 பேரும், பல முறைகளும் கலந்த சிகிச்சையைப் பெற்றோருள் நூற்றுக்கு 64 பேரும் குணமடைந்தனர் என்று அவர் கணித்தார். உளச்சிகிச்சை எதுவுமின்றிச் சாதாரண வைத்தியரின் அல்லது வைத்தியசாலையின் கவனிப்பை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 72 பேர் குணமடைந்தனராம். சிகிச்சை நுணுக்கமாக நுணுக்கமாக அதன் பயன் குறைகின்றது என்பது போன்ற தோற்றத்தை இக்கணக்கு அளித்தது.

அக்கணக்கிற் குறைகள் பலவுள. ஒப்பிடப்பட்ட கூட்டத்தினர் ஒரே தன்மையான நோயாளரல்லர். குணமடைதல் என்ற சொல்லுக்கு ஒவ்வோர் ஆய்வும் வெவ்வேறு பொருள் கொண்டிருந்தது. எனினும், ஐசெங்க் எழுப்பிய வினாவை எவராலும் ஒதுக்கிவிட முடியவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிகிச்சைப் புகழுரை விஞ்ஞானமாகாது என்பதை அவர் அனைவர்க்கும் உணர்த்திவிட்டார்.

அமெரிக்காவில் இதற்கான வேலை முன்னரே தொடங்கியிருந்தது. 1940இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகச் சேர்ந்த கார்ல் றொஜர்ஸ், சிகிச்சை அறையினுள் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுசென்றார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இசைத்தட்டை மாற்றியே அக்காலத்திற் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. நோயாளி ஒருவருடன் நிகழ்ந்த எட்டு அமர்வுகளின் பேச்சையும், புனைபெயரில், முழுமையாக அவர் தமது 1942ஆம் ஆண்டு நூலில் அச்சிட்டார். சிகிச்சையளிப்பவர் பின்னர் நினைவிலிருந்து எழுதிய குறிப்பையே அதுவரை உலகம் கண்டிருந்தது. இப்பொழுது அறையில் உண்மையில் என்ன பேசப்பட்டது என்பதை எவரும் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் குறைகூறலாம் என்ற நிலை ஏற்பட்டது. பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில், சிகிச்சை பெற்றோரையும் சிகிச்சைக்காகக் காத்திருந்தோரையும் ஒப்பிட்டு அவரும் தோழர்களும் செய்த ஆய்வுகள் 1954இல் நூலாயின. அமெரிக்க உளவியற் சங்கம் 1956இல் தனது விஞ்ஞானப் பங்களிப்பு விருதை முதன்முறையாக வழங்கியபோது, அதனைப் பெற்ற மூவருள் றொஜர்ஸும் ஒருவர். அச்சங்கத்தின் ஆதரவில் 1958, 1961, 1966 ஆகிய ஆண்டுகளில் உளச்சிகிச்சை ஆராய்ச்சி மாநாடுகளும் கூட்டப்பட்டன.

ஐசெங்கின் கணக்குக்குக் கணக்காலேயே மறுமொழி வந்தது. மேரி லீ ஸ்மித், ஜீன் கிளாஸ் ஆகிய இருவரும் 375 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணித்து 1977இல் வெளியிட்ட முடிவின்படி, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர் சிகிச்சை பெறாதோருள் நூற்றுக்கு 75 பேரை விட நல்ல நிலையில் இருந்தார். சிகிச்சை முறைகளுக்கிடையே பெரிய வேறுபாடும் காணப்படவில்லை. கால் நூற்றாண்டு வாதம் இதனோடு முடியவில்லையெனினும், நம்பிக்கையின் இடத்தை எண் பிடித்துக்கொண்டது.

இவையெல்லாம் பெரும்பாலும் பல்கலைக்கழக அறிஞரின் முயற்சிகள். பிரித்தானியாவில் உளவளத்துணை வேறொரு மண்ணில் முளைத்தது. 1938இல் அமைக்கப்பட்ட தேசிய திருமண வழிகாட்டற் சபை, திருச்சபைகள், மாணவர் நலப் பணி, தொண்டர் நிலையங்கள் ஆகியனவே அதன் நாற்றுமேடைகள். அதனைச் செய்தோருட் பலர் பெண்கள். பலர் ஊதியமின்றி உழைத்தவர்கள். இத்தகைய அமைப்புகளைச் சமூக சேவைத் தேசிய சபை ஒன்றுகூட்டியதன் பயனாக 1970இல் உளவளத்துணை வளர்ச்சிக்கான நிரந்தர மாநாட்டமைப்பு உருவாயிற்று. 1977இல் உள்நாட்டமைச்சின் தொண்டர் சேவைப் பிரிவு வழங்கிய நிதியுதவியுடன் அது பிரித்தானிய உளவளத்துணைச் சங்கமாக மாறியது. அடுத்த ஆண்டில் திருமண வழிகாட்டற் சபை றக்பி நகரில் வாடகையின்றி இடமளிக்க, சங்கம் இலண்டனிலிருந்து அங்கு பெயர்ந்தது. இரவல் அறையில் வாழ்வைத் தொடங்கிய அச்சங்கமே, 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் உளச்சிகிச்சையையும் பெயரிற் சேர்த்துக்கொண்டு, இன்று 60,000க்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்டு விளங்குகின்றது.

தொண்டுள்ளத்திற் பிறந்த தொழில் ஆராய்ச்சியை முதலில் ஐயத்துடனேயே நோக்கியது. "அழுகின்ற மனிதனின் துயரை எண்ணால் அளப்பதா?" என்று கேட்டவர் பலர். அவ்வினாவில் மனிதாபிமானம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதனுள் ஒரு வசதியும் மறைந்திருந்தது: அளக்கப்படாத தொழில் தவறுவதே இல்லை. பிரித்தானியாவில் உளவளத்துணையாளர் என்ற பெயரைச் சட்டம் இன்றுவரை எவர்க்கும் தனியுரிமையாக்கவில்லை. விரும்பிய எவரும் பெயர்ப்பலகை தொங்கவிடலாம். உளச்சிகிச்சைத் தொழிலைச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டுமென்று பொஸ்டர் அறிக்கை 1971இலேயே பரிந்துரைத்தும் அது நிறைவேறவில்லை. சட்டம் காவாத இடத்தில், துன்பத்தோடு வரும் மனிதரை எது காக்கும்? தொழிலின் நேர்மையே காக்க வேண்டும். அந்நேர்மைக்குச் சோதனையும் வேண்டும்.

ஐயத்தைக் கைவிடுமாறு சங்கத்தைத் தூண்டியது அறிவுத் தாகம் மாத்திரமே என்று கூறுவது வரலாற்றைத் திரிப்பதாகும். பொருளாதாரக் காரணமும் தெளிவாக இருந்தது. 1948இல் தொடங்கப்பட்ட தேசிய சுகாதார சேவை எந்தச் சிகிச்சைக்குப் பணம் செலவிடலாம் என்பதற்கு வழிகாட்ட, 1999இல் நைஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய நிறுவகம் அமைக்கப்பட்டது. அதன் தராசில் மிகப் பாரமான படிக்கல், நோயாளரை எழுந்தமானமாகக் குழுக்களுக்கு ஒதுக்கி ஒப்பிடும் சோதனையே. அத்தகைய சோதனைகள் அறிகை நடத்தைச் சிகிச்சைக்கு நிறைய இருந்தன. அச்சிகிச்சை பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் வளர்ந்தமையே அதன் காரணம். தொண்டர் நிலையங்களில் வளர்ந்த உளவளத்துணைக்கு அவை மிகச் சிலவே. சான்று இல்லாமையைப் பயன் இல்லாமையாக நிருவாகம் எடுத்துக்கொள்ளும் அபாயம் உருவாயிற்று.

இந்நிலையிற் சங்கம் செய்த வேலைகள் கவனத்திற்குரியவை. ஆராய்ச்சிக்கெனத் தனிப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. 2001இல் ஜோன் மக்லியொட்டை முதலாசிரியராகக் கொண்டு ஆய்விதழொன்று தொடங்கப்பட்டது. பாடசாலை, முதியோர், பல்கலைக்கழக மாணவர், குடும்ப வைத்தியரின் நிலையம் எனத் துறை துறையாக, உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளை முறைப்படி தேடித் தொகுத்து மதிப்பிடும் அறிக்கைகள் வெளியிடப்பட்டன. ஆய்வு செய்வோர் நோயாளியின் சம்மதத்தையும் இரகசியத்தையும் எவ்வாறு காக்க வேண்டுமென்ற ஒழுக்க நெறிகள் 2004இல் வகுக்கப்பட்டன. ஆண்டுதோறும் ஆய்வு மாநாடு கூட்டப்படுகின்றது. சிறு நகரொன்றில் தனித்து வேலைசெய்யும் உளவளத்துணையாளருக்குப் பல்கலைக்கழக நூலகம் எட்டாது, புள்ளிவிவரவியலும் தெரியாது. அத்தகையவரை ஆராய்ச்சியின் வாசகராகவும், முடிந்தால் பங்காளராகவும் ஆக்குவதே இவ்வேலைகளின் நோக்கம். லீட்ஸ் நகரிலே தொண்ணூறுகளில் உருவாக்கப்பட்ட 34 வினாக்கள் கொண்ட அளவீட்டுத் தாள் இதற்குத் துணைநின்றது. கடந்த ஒரு வாரத்தில் எவ்வாறு இருந்தீர்கள் என்று கேட்கும் அத்தாளை மாற்றம் செய்யாமற் பிரதிசெய்ய எவரும் பணம் செலுத்த வேண்டியதில்லை. அளவுகோல் பொதுவுடைமையாயிருந்தமையாற் சாதாரணத் தொண்டர் நிலையமும் தன் வேலையை அளக்க முடிந்தது.

2006இல் நிலைமை மேலும் கூர்மையடைந்தது. இலண்டன் பொருளாதாரக் கல்லூரியின் லேயார்ட் பிரபுவும் குழுவினரும் மனச்சோர்வு பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டனர். ஒருவருக்குச் சிகிச்சையளிக்க 750 பவுண் போதும்; அவர் நோயாளிக் கொடுப்பனவை விட்டு வேலைக்குத் திரும்பினால் அப்பணம் அரசுக்கு மீளும் என்பது அதன் வாதம். 2008இல் இங்கிலாந்து முழுவதற்குமான உளச்சிகிச்சைத் திட்டம் தொடங்கப்பட்டது. வசதியுள்ளோர் மட்டும் விலைகொடுத்து வாங்கிய சிகிச்சை ஏழைக்கும் இலவசமாக எட்டிய அளவில் இதனை நாம் வரவேற்கவே வேண்டும். ஆயினும், துயருறும் மனிதனை வேலைக்குத் திரும்ப வேண்டிய கைகளாகக் காணும் கணக்கு முதலாளித்துவத்தின் கணக்கேயாகும். வேலையின்மையும் கடனும் ஈரச் சுவர் வீடும் பிறப்பித்த சோர்வை, அவற்றை மாற்றாது பன்னிரண்டு அமர்வுகளால் முற்றாக நீக்கிவிடலாம் என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை.

அத்திட்டத்தில் முதலிடம் அறிகை நடத்தைச் சிகிச்சைக்கே கிடைத்தது. 2009ஆம் ஆண்டின் நைஸ் வழிகாட்டி, பிற சிகிச்சைகளை மறுப்போர்க்கு மட்டுமே உளவளத்துணையைப் பரிந்துரைத்ததோடு, அதன் பயன் பற்றிய நிச்சயமின்மையை நோயாளிக்கு எடுத்துரைக்க வேண்டுமென்றும் கூறியது. தொழிலின் தன்மானத்துக்கு இது பேரிடி. கண்டனத் தீர்மானம் நிறைவேற்றி அமைதியடைவது எளிது. சங்கம் அதனினும் கடினமான வழியைத் தெரிந்தெடுத்தது. மனச்சோர்வுக்கான உளவளத்துணை எத்தகையது, அதனைச் செய்வோரிடம் என்னென்ன திறன்கள் இருத்தல் வேண்டும் என்பன வரையறுக்கப்பட்டுப் பயிற்சியும் வகுக்கப்பட்டது. வரையறை இல்லாத சிகிச்சையைச் சோதிக்க முடியாதன்றோ? பின்னர், சங்கத்தின் ஆராய்ச்சி நிதியத்தினது பணத்தில், ஷெபீல்ட் நகரின் பொதுச் சேவைக்குள்ளேயே சோதனை தொடங்கிற்று.

இச்சோதனையின் அமைப்பை நாம் சற்று விளங்கிக்கொள்ளுதல் நன்று. மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வுடைய 510 பேர் எழுந்தமானமாக இரு பிரிவுகளாக்கப்பட்டனர். 254 பேருக்கு றொஜர்ஸின் வழிவந்த ஆள்மைய அனுபவச் சிகிச்சையும், 256 பேருக்கு அறிகை நடத்தைச் சிகிச்சையும் ஒதுக்கப்பட்டன. ஒன்பது வினாத் தாளொன்றில் இரண்டு புள்ளிகளுக்கு மேற்பட்ட பின்னடைவு இருந்தாற் சிகிச்சை தாழ்ந்ததெனக் கொள்வதென்று முன்கூட்டியே எல்லை வகுக்கப்பட்டது. முடிவைக் கண்ட பின் எல்லையை நகர்த்தும் சூழ்ச்சிக்கு இதனால் இடமில்லாது போயிற்று.

முடிவு 2021இல் லான்செற் குழுமத்தின் உளமருத்துவ இதழில் வெளிவந்தது. ஆறாவது மாதத்தில் ஆள்மையச் சிகிச்சை மற்றதற்குத் தாழ்ந்ததாக இல்லை. சங்கத்தின் உறுப்பினர் மகிழ்ந்திருப்பர். ஆனால் கட்டுரை அங்கு நிற்கவில்லை. பன்னிரண்டாவது மாதத்தில் அறிகை நடத்தைச் சிகிச்சை பெற்றோரே மேலான நிலையில் இருந்தனர் என்பதையும், நீண்டகாலப் பயனில் ஆள்மையச் சிகிச்சை பின்தங்கக்கூடும் என்பதையும் அது ஒளியாது கூறிற்று. பணம் கொடுத்த சங்கத்துக்கு இனிப்பான பாதியும் கசப்பான பாதியும் ஒரே பக்கத்தில் அச்சாயின. இதனையே நாம் இவ்வரலாற்றின் உச்சக்கட்டமாகக் கருதுகின்றோம். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது ஒரு செயல். முடிவை விலைக்கு வாங்காதிருப்பது மற்றொரு செயல். முன்னதை மருந்துக் கம்பனிகளும் செய்கின்றன.

அன்றாடச் சேவையிலிருந்து கிடைத்த சான்று சற்று வேறுபட்டிருந்ததையும் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தின் 103 சேவை நிலையங்களிற் சிகிச்சை பெற்ற 33,243 பேரின் பதிவுகளைச் சங்கத்தின் ஆய்வாளர் பங்குகொண்ட குழுவொன்று ஆராய்ந்து 2017இல் வெளியிட்டபோது, இரு சிகிச்சைகளுக்குமிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. கட்டுப்படுத்திய சோதனையும் அன்றாடப் பதிவும் ஒரே விடையைத் தராதபோது இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே விஞ்ஞான மனப்பான்மை. 2022இல் நைஸ் வெளியிட்ட புதிய வழிகாட்டி, மனச்சோர்வுக்கான சிகிச்சைத் தெரிவுகளுள் உளவளத்துணைக்கு மீண்டும் இடமளித்தது.

ஆசிரியரான எமது வாசகரின் அக்கறைக்குரியது பாடசாலை பற்றிய பகுதியாகும். வேல்ஸ் நாட்டில் ஆசிரியர் ஒருவரின் பாலியற் கொடுமை பற்றி விசாரித்த க்ளைவிச் அறிக்கை, மாணவர் நம்பிப் பேசக்கூடிய உளவளத்துணைச் சேவை பாடசாலைகளில் வேண்டுமென்று 2004இல் வற்புறுத்தியது. அவ்வரசு 2008இல் திட்டம் வகுத்தது. அதன் பயனை மதிப்பிடும் பணியைச் சங்கத்தின் ஆய்வாளர் மேற்கொண்டு 2011இல் அறிக்கை அளித்தனர். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அச்சேவையை உள்ளூராட்சிகளின் கடமையாக்கிற்று. குழந்தைகளின் துயரம் அறிக்கையாகி, ஆய்வாகி, சட்டமான வழி இது.

இங்கும் ஆராய்ச்சி புகழ்பாடவில்லை. இலண்டன் நகரின் 18 பாடசாலைகளில் 13 முதல் 16 வயது வரையான 329 மாணவரைக் கொண்டு நடந்த சோதனையிற் சங்கமும் பங்காளியாயிருந்தது. பாடசாலையின் வழக்கமான பராமரிப்பை மட்டும் பெற்றோரைவிட, உளவளத்துணையும் பெற்றோரின் மனத்துயர் குறைந்தது, ஆனால் சிறிதளவே குறைந்தது, செலவும் கூடியது. 2021இல் வெளிவந்த இம்முடிவை ஆதரவாளர் விரும்பியிருக்கமாட்டார். எனினும், சிறிய பயனைப் பெரும் பயனென்று நம்பி வறிய பாடசாலையின் பணத்தைச் செலவிடுவதினும், அளவை அறிந்து செலவிடுவது மேலன்றோ?

இவ்வாறு கூறுவதால் அச்சங்கத்தை நாம் குறையற்றதெனக் கருதுவதாகாது. உறுப்பினரின் வேலைவாய்ப்புக்காக வாதாடும் அமைப்பே, அவர்களின் வேலையைத் தீர்ப்பிடும் ஆய்வுக்கும் பணம் அளிக்கும்போது, முரண்பாடு கூடவே பிறக்கின்றது. பணத்தின் கை எங்கும் நீளும். ஷெபீல்டிற் பயன்பட்ட ஒன்பது வினாத் தாளே பைசர் மருந்துக் கம்பனியின் நிதியுதவியோடு ஆக்கப்பட்டது. 1952இல் பிறரைச் சான்று கேட்ட ஐசெங்க் பிற்காலத்திற் புகையிலைத் தொழிலிடமிருந்து ஆய்வுப்பணம் பெற்றவர்; ஆளுமைக்கும் புற்றுநோய் முதலானவற்றுக்கும் தொடர்பு கூறி அவர் மற்றொருவருடன் சேர்ந்து எழுதிய 26 வெளியீடுகள் நம்பகமற்றவை என்று 2019இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை முடிவுசெய்தது. கேள்வி கேட்டவரும் கேள்விக்குட்பட்டே ஆக வேண்டும். முரண்பாட்டை ஒழிக்க இயலாவிடினும் வெளிச்சத்தில் வைக்க இயலும்: யார் பணம் என்பதை அச்சிடுவதாலும், எல்லையை முன்கூட்டி வகுப்பதாலும், கசப்பான முடிவையும் வெளியிடுவதாலும்.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. உளவளத்துணை என்ற சொல் எமது நாட்டுத் தமிழில் இன்று அன்றாட வழக்கு. போரும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் வடக்கிலும் கிழக்கிலும் விட்டுச்சென்ற துயரம் பலரை இப்பணிக்கு அழைத்து வந்தது. பாடசாலைகளில் ஆலோசனையும் வழிகாட்டலும் என்ற பொறுப்பை ஏற்ற ஆசிரியர், கண்கலங்கி வரும் பிள்ளையின் முன் தினமும் அமர்கின்றார். அவரது அன்பை நாம் ஐயுறவில்லை. அந்தப் பிள்ளை ஆறு மாதத்தின் பின் எவ்வாறிருக்கின்றது என்பதைக் குறித்து வைக்கின்றோமா, குறித்ததைச் சக ஆசிரியரோடு ஒப்பிடுகின்றோமா, பயன் தராத முறையைத் தராததென்று உரத்துக் கூறுகின்றோமா என்பதே வினா. இரவல் அறையொன்றிற் பிறந்த சங்கம் இவ்வினாக்களை எதிர்கொள்ள ஒரு தலைமுறைக் காலம் எடுத்தது. எமது ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் ஒரு குறிப்பேட்டோடு இன்றே இப்பணியைத் தொடங்கலாம்.